மிரோஸ்லாவ் க்ளோசே: சும்மா நின்று அடித்த கோல்களா அவை?

கேள்வி இதுதான்: ஜெர்மனியின் மிரோஸ்லாவ் க்ளோசே கிளப் ஆட்டங்களில் பெரிய நட்சத்திரமாக இருந்ததில்லை. நாலு பேரை ஏமாற்றிப் பந்தை எடுத்துச் செல்பவரும் இல்லை, தூரத்திலிருந்து வலை கிழிய அடிப்பவரும் இல்லை. சவூதி அரேபியா மாதிரி அணிகளுக்கு எதிராக, கோல் வாசலில் நின்று தட்டிவிட்டே உலகக் கோப்பையில் 16 கோல் சேர்த்துவிட்டார். பிரேசிலின் ரொனால்டோ, ஜெர்மனியின் கெர்ட் முல்லர் வரிசையில் அவரை வைப்பது நியாயமா?

நியாயம்தான். ஆனால் கேள்வியில் இருக்கும் குறையை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம்.

16 கோலில் சவூதி அரேபியாவுக்கு எதிராக 3, கோஸ்டா ரிக்காவுக்கு 2, ஈக்வடாருக்கு 2, ஆஸ்திரேலியாவுக்கு 1. ஆக, 8 கோல் பலவீனமான அணிகளுக்கு எதிராக வந்தவை. மிச்சம் 8 எங்கே? அர்ஜென்டினாவுக்கு எதிராக 3, இங்கிலாந்து 1, பிரேசில் 1, கானா 1, அயர்லாந்து 1, கேமரூன் 1. சரிபாதி. இதை க்ளோசேவுக்கு மட்டும் குற்றமாகச் சொன்னால் மற்றவர்களின் கணக்கையும் திறக்க வேண்டியிருக்கும். பிரேசிலின் ரொனால்டோ எடுத்த 15இல் மொராக்கோ, சீனா, கோஸ்டா ரிக்கா, ஜப்பான் எல்லாம் உண்டு. கெர்ட் முல்லரின் 14இல் பல்கேரியாவுக்கு எதிராக 3, பெருவுக்கு எதிராக 3. உலகக் கோப்பை என்றால் முதல் சுற்றில் பலவீனமான அணி வரும். வந்த வாய்ப்பை விடாமல் அடிப்பதும் ஸ்ட்ரைக்கரின் வேலைதான். நாக் அவுட் சுற்றுகளில் மட்டும் க்ளோசே அடித்தது 5. அந்த ஐந்தில் மூன்று அர்ஜென்டினாவுக்கு எதிராக.

ஒன்றை மறுக்காமல் ஒப்புக்கொள்கிறேன். கெர்ட் முல்லர் அந்த 14 கோலை 13 ஆட்டங்களில் அடித்தார். ரொனால்டோவுக்கு 19 ஆட்டம். க்ளோசேவுக்கு 24 ஆட்டம் தேவைப்பட்டது. ஆட்டத்துக்கு இத்தனை கோல் என்று வகுத்துப் பார்த்தால் முல்லர்தான் மேலே. ஆனால் நான்கு உலகக் கோப்பைகளில், 24ஆவது வயதிலிருந்து 36 வரை, ஒவ்வொரு முறையும் அணியில் இடம் பிடித்து, ஒவ்வொரு முறையும் கோல் அடித்து, ஒவ்வொரு முறையும் அரையிறுதி வரை போனவர் இவர். 2002இல் இரண்டாம் இடம், 2006லும் 2010லும் மூன்றாம் இடம், 2014இல் கோப்பை. என் பார்வையில் க்ளோசேயின் பெருமையே இந்த நீளம்தான். அதற்கான காரணம் அவர் வளர்ந்த விதத்தில் இருக்கிறது.

1978 ஜூன் 9 அன்று போலந்தின் ஓப்போலே நகரில் பிறந்தவர். அப்பா யோசெஃப் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர். பிரான்சின் ஓசேர் கிளப்பில் ஆடியவர். அம்மா பார்பரா போலந்து தேசிய ஹேண்ட்பால் அணிக்காக ஆடியவர். விளையாட்டு வீடு. அப்பாவின் ஜெர்மன் வம்சாவளியை வைத்து 1986இல் குடும்பம் மேற்கு ஜெர்மனிக்கு வந்து கூசல் என்ற சிற்றூர்ப் பக்கம் குடியேறியது. பையனுக்கு எட்டு வயது. ஜெர்மன் மொழியில் ஓரிரு வார்த்தைக்கு மேல் தெரியாது. மைதானத்தில் பேச்சு தேவைப்படவில்லை, அங்கே நண்பர்கள் கிடைத்தார்கள்.

இனிமேல்தான் விஷயம். இன்றைக்குப் பெரிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பத்து வயதிலேயே ஏதாவது பெரிய கிளப்பின் அகாடமிக்குள் போய்விடுகிறார்கள். க்ளோசே போகவில்லை. பிளாவ்பாக்-டீடெல்கோப் என்ற கிராமத்து அணியில் ஏழாவது அடுக்கு லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். பகலில் தச்சு வேலைக்குப் பயிற்சி. கூரை மரச்சட்டம் போடும் தச்சு. 1998இல், 20 வயதில்தான், ஹோம்பர்க் கிளப்புக்குப் போனார். அடுத்த வருடம் கைசர்ஸ்லாட்டர்னின் இரண்டாம் அணி. 2000 ஏப்ரலில் பயிற்சியாளர் ஓட்டோ ரேஹாகல் அவரை முதன்முதலாக ஜெர்மனியின் முதல் லீக்கான பண்டஸ்லிகாவில் இறக்கினார். 2001 மார்ச்சில் தேசிய அணி. 2002 ஜூனில் உலகக் கோப்பை இறுதியாட்டம். கிராமத்து லீக்கிலிருந்து உலகக் கோப்பை இறுதிவரை நான்கே வருடம்.

தாமதமாக வந்ததை அவருடைய குறையாக நான் பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்தே வாரத்துக்கு இரண்டு பெரிய ஆட்டம் என்று உடம்பைத் தேய்க்கவில்லை. அகாடமியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லித் தரும் ஆட்டம் அவருக்கு வரவில்லை. சின்ன லீக்குகளில் ஃபார்வேர்டுக்கு அழகான பாஸ் தேடி வராது. உருண்டு வருவது, எகிறி வருவது, கோல்கீப்பர் தட்டிவிட்டது எல்லாவற்றையும் தானே தேடிப் போய் எடுக்க வேண்டும். பின்னாளில் அவருடைய உலகக் கோப்பை கோல்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்தச் சாதிதான். 16இல் ஒன்றுகூட பெனால்டி கிக் இல்லை. எல்லாமே பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்து வந்தவை.

தேசிய அணிக்கு வந்த கதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போலந்தின் அப்போதைய பயிற்சியாளர் யெர்சி எங்கெல், க்ளோசேவைப் போலந்துக்கு ஆட வைக்க ஜெர்மனிக்கே வந்து பேசிப் பார்த்தார். க்ளோசே ஜெர்மனிக்காகக் காத்திருந்தார். ஜெர்மனியின் பயிற்சியாளர் ரூடி ஃபோலர் அழைத்தார். 2001 மார்ச் 24, லெவர்குசனில் அல்பேனியாவுக்கு எதிரான தகுதிச்சுற்று. ஆட்டம் 1-1 என்று இழுத்துக்கொண்டிருந்தது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய புதுப் பையன் 88ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி வெற்றி கோலைப் போட்டார். அப்புறம் அந்தக் குட்டிக்கரணம்; அதுவே அவருடைய அடையாளமாகிப் போனது.

2002 ஜூன் 1, ஜப்பானின் சப்போரோ. சவூதி அரேபியாவை ஜெர்மனி 8-0 என்று வென்றது. க்ளோசே மூன்று கோல், மூன்றும் ஹெட்டர். அடுத்து அயர்லாந்துக்கு எதிராக, நடுக்கள ஆட்டக்காரர் பல்லாக் தூக்கிப் போட்ட நீளமான பந்தில் ஒரு ஹெட்டர். கேமரூனுக்கு எதிராக இன்னொரு ஹெட்டர். ஐந்துக்கு ஐந்தும் தலையால். ஆனால் அந்தத் தொடரில் நாக் அவுட் சுற்றில் அவர் ஒரு கோலும் போடவில்லை. இறுதியில் பிரேசிலிடம் 0-2 தோல்வி. இரண்டையும் அடித்தது ரொனால்டோ.

ஹெட்டர் என்றதும் உயரம் என்று நினைப்போம். க்ளோசே 1.84 மீட்டர். ஐரோப்பிய நடுத் தடுப்பாட்டக்காரர்கள் பலர் அவரைவிட உயரம். அவர் ஜெயித்தது நேரத்தில். கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து கோல் பக்கம் தூக்கிப் போடும் பந்து, வரும்போது டிஃபெண்டரின் கண் பந்தின் மேல் இருக்கும். க்ளோசே அந்த டிஃபெண்டரின் முதுகுப் பக்கம், பார்வைக்கு எட்டாத இடத்தில் நின்றுகொள்வார். பந்து கிளம்பிய பிறகுதான் அவர் கிளம்புவார். நின்ற இடத்திலிருந்து எம்புகிறவரைவிட இரண்டு எட்டு ஓடி வந்து எம்புகிறவர் உயரமாகப் போவார், முட்டும் விசையும் கூடும். பெரும்பாலும் பந்தைத் தரையை நோக்கி முட்டுவார். கீழே குத்தி எழும்பும் பந்தைத் தடுப்பது கோல்கீப்பருக்குக் கஷ்டம். டிவியில் பார்க்கும்போது "யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்" என்று தோன்றும். கவனிக்க முடியாத இடத்தில் நிற்பதுதான் அவர் செய்த வேலை.

2006 காலிறுதி, பெர்லின். இதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 49ஆவது நிமிடத்தில் அயாலா கோலால் அர்ஜென்டினா 1-0 முன்னிலை. சொந்த மண், நேரம் ஓடுகிறது. 80ஆவது நிமிடம், இடப் பக்கத்திலிருந்து பல்லாக் கிராஸ் போடுகிறார். போரோவ்ஸ்கி எம்பித் தலையால் லேசாகத் திருப்பிவிடுகிறார். இந்த இரண்டாவது தொடுகை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. க்ளோசே அங்கே இருக்கிறார். தாழ்ந்து வந்த பந்துக்குத் தலையைக் கொடுத்துக் கோல் மூலைக்குள் திருப்புகிறார். 1-1. பெனால்டி ஷூட் அவுட்டில் ஜெர்மனி 4-2. அந்த ஒரு கோல் இல்லையென்றால் ஜெர்மனி காலிறுதியிலேயே வெளியேறியிருக்கும். அந்தத் தொடரில் அவருக்கு 5 கோல், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி. மியூனிக்கில் நடந்த தொடக்க ஆட்டத்தில் கோஸ்டா ரிக்காவுக்கு எதிராக இரண்டு அடித்த நாள் அவருடைய 28ஆவது பிறந்தநாள்.

கிளப்பில் நட்சத்திரம் இல்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். இது பாதி உண்மை. பிரெமனில் அவர் ஆடிய காலத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2004இல் வெர்டர் பிரெமனுக்குப் போனார். பயிற்சியாளர் தாமஸ் ஷாஃப், பின்னாலிருந்து பந்து ஊட்ட யோஹான் மிக்கூ என்ற அருமையான பிரெஞ்சு ஆட்டக்காரர். 2005-06 சீசனில் 26 லீக் ஆட்டங்களில் 25 கோல். அந்த சீசனில் பண்டஸ்லிகாவில் அதிக கோல் அவருடையது; 2006இல் ஜெர்மனியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். கோல் மட்டுமில்லை, கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கி, ஓடி வருகிறவனுக்கு ஒரே தொடுகையில் விட்டுக்கொடுப்பதிலும் அப்போதுதான் தேர்ந்தார்.

2007இல் பேயர்ன் மியூனிக். இங்கேதான் உங்கள் கேள்வியின் பக்கம் பலமாக இருக்கிறது. நான்கு சீசன், 98 லீக் ஆட்டம், 24 கோல். இரண்டு லீக் பட்டம், இரண்டு ஜெர்மன் கோப்பை கிடைத்தன. ஆனால் 2009-10இல் மொத்தம் 3 லீக் கோல்தான், பாதி நாள் பெஞ்சில். அந்த நிலையில் 32 வயதுக்காரரை 2010 உலகக் கோப்பைக்குத் தென்னாப்பிரிக்காவுக்குக் கூட்டிப் போவதா என்று ஜெர்மனியில் பெரிய விவாதமே நடந்தது. பயிற்சியாளர் யோவாகிம் லோவ் அசையவில்லை.

லோவ் ஏன் அசையவில்லை? கிளப்பில் க்ளோசே பல முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர். தேசிய அணியில் ஆட்டமே அவரைச் சுற்றி அமைந்திருந்தது. பொடோல்ஸ்கி, தாமஸ் முல்லர், ஓசில் மூவரும் வேகமாகப் பாயக்கூடியவர்கள். அவர்கள் பாய இடம் வேண்டும். எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரர் இருவரையும் தன் பக்கம் இழுத்துக் கட்டிப்போட ஒருவர் வேண்டும். பந்து இல்லாதபோதும் ஓடி ஓடி எதிரணியை அழுத்தவும் வேண்டும். அதை க்ளோசே அளவுக்கு முணுமுணுக்காமல் செய்தவர் அந்தத் தலைமுறையில் வேறு யாரும் இல்லை என்பேன். எண்ணிலும் இது தெரியும்: பண்டஸ்லிகாவில் 307 ஆட்டங்களில் 121 கோல், ஜெர்மனிக்காக 137 ஆட்டங்களில் 71. தேசிய அணியில் எதிரிகள் கடினமானவர்கள் என்று வைத்துக்கொண்டாலும் கோல் விகிதம் கூடுதல்.

2010இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரு கோல். செர்பியா ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி 37ஆவது நிமிடத்தில் வெளியேற்றம். அடுத்த நிமிடமே செர்பியா அடித்த கோலில் தோல்வி. அடுத்த ஆட்டத்துக்குத் தடை. விமர்சகர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் திரும்பி வந்த முதல் ஆட்டம் இங்கிலாந்துக்கு எதிரானது.

20ஆவது நிமிடம். கோல்கீப்பர் நோயர் கோல் கிக் எடுக்கிறார். கோல் கிக்கிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. அதாவது எதிரணித் தடுப்பைத் தாண்டி முன்னால் நின்று வாங்கினாலும் தப்பில்லை. ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதிதான். க்ளோசே அதைப் பயன்படுத்துகிறார். பந்து ஒரே உதையில் நடுக்கோட்டைத் தாண்டி டெர்ரிக்கும் அப்ஸனுக்கும் நடுவே விழுகிறது. இங்கிலாந்துத் தடுப்பு சுதாரிப்பதற்குள் க்ளோசே உள்ளே. அப்ஸன் பக்கத்திலிருந்து இடித்துக்கொண்டே வருகிறார். க்ளோசே உடம்பைக் குறுக்கே வைத்து, விழுந்துகொண்டே வலது காலை நீட்டி, பந்தை இங்கிலாந்து கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸைத் தாண்டித் தள்ளிவிடுகிறார். கோல்கீப்பரின் உதை, ஸ்ட்ரைக்கரின் தொடுகை, அவ்வளவுதான். நோயரின் கண்ணும் க்ளோசேயின் ஓட்டமும் ஒரே சமயத்தில் வேலை செய்தால்தான் இப்படி ஒரு கோல் வரும். இதையா சும்மா நின்று அடித்தது என்பது?

ஒரு வாரத்துக்குள் கேப் டவுனில் அர்ஜென்டினாவுக்கு எதிராக இரண்டு கோல், 4-0. ஜெர்மனிக்காக அது அவருடைய 100ஆவது ஆட்டம். உலகக் கோப்பையில் 14 கோலுடன் கெர்ட் முல்லருக்குச் சமம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அவரால் இறங்க முடியவில்லை. ரொனால்டோவின் 15ஐத் தாண்டும் சாதனை நான்கு வருடம் காத்திருந்தது.

அந்த நான்கு வருடத்தின் பெரும்பகுதியும் ரோமில் கழிந்தது. 2011இல், 33 வயதில், ரோம் நகரின் லாட்சியோ கிளப்புக்குப் போனார். ஓய்வுக்காலச் சம்பளம் வாங்கப் போகிறார் என்று பலர் நினைத்தார்கள். அதே அக்டோபரில் ஒரே ஊர்ப் போட்டி அணியான ரோமாவுடனான ஆட்டத்தில் 93ஆவது நிமிடத்தில் வெற்றி கோல். லாட்சியோ ரசிகர்களுக்கு அன்றே அவர் சொந்தக்காரராகிவிட்டார். 2013 மே 5 அன்று போலோன்யாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்தார். இத்தாலி முதல் லீக்கில் 1986க்குப் பிறகு யாரும் செய்யாதது அது. அவருக்கு 35 வயதாக ஒரு மாதம் இருந்தது. அதே மாதம் ரோமாவைத் தோற்கடித்து லாட்சியோ இத்தாலியக் கோப்பையையும் வென்றது.

2014 உலகக் கோப்பைக்குப் பிரேசிலுக்கு லோவ் கூட்டிப் போன அணியில் அசல் ஸ்ட்ரைக்கர் என்று சொல்ல க்ளோசே ஒருவர்தான். புறப்படும் முன் ஜூன் 6 அன்று மைன்ஸ் நகரில் ஆர்மீனியாவுக்கு எதிரான நட்புறவு ஆட்டத்தில் 69ஆவது கோலைப் போட்டு, ஜெர்மனிக்காகக் கெர்ட் முல்லர் வைத்திருந்த 68ஐத் தாண்டினார். முல்லருக்கு 62 ஆட்டங்கள்தான் தேவைப்பட்டன. இதில் ஒப்பிட எதுவுமில்லை, முல்லர் வேறொரு பிறவி.

ஃபோர்ட்டலேசாவில் கானா 2-1 முன்னிலையில் இருந்தது. 69ஆவது நிமிடத்தில் க்ளோசே இறங்குகிறார். இரண்டே நிமிடம், குரோஸ் எடுத்த கார்னரை ஹோவெடெஸ் தலையால் தட்ட, பந்து தொலைவான கம்பத்துப் பக்கம் போகிறது. க்ளோசே சறுக்கி வந்து கால் வைக்கிறார். 2-2, ரொனால்டோவின் 15க்குச் சமம். 36 வயதில் குட்டிக்கரணம் அடிக்கப் போய்ச் சரியாக இறங்க முடியாமல் சறுக்கினார். பிறகு ஜூலை 8, பெலோ ஒரிசோன்ட்டே, பிரேசிலுடன் அரையிறுதி. 23ஆவது நிமிடத்தில் அவர் அடித்த முதல் ஷாட்டை பிரேசில் கோல்கீப்பர் ஜூலியோ செசார் தடுத்தார். எகிறி வந்த பந்து மறுபடி அவர் காலுக்கே வந்தது, 16. உலகக் கோப்பையில் அதுவரை யாரும் எட்டாத எண். ரொனால்டோ அதே மைதானத்தில் டிவி வர்ணனைக்காக உட்கார்ந்திருந்தார். ஆட்டம் 7-1 என்று முடிந்ததால் இந்த கோலைப் பற்றிப் பேச்சே குறைந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம்.

மரக்கானா இறுதியாட்டத்தில் முதல் பதினொருவரில் இறங்கினார். கோல் வரவில்லை. 88ஆவது நிமிடத்தில் அவருக்குப் பதிலாக இறங்கிய மரியோ கோட்செதான் 113இல் கோப்பையை வென்று தந்த கோலை அடித்தார். அடுத்த மாதம் க்ளோசே தேசிய அணியிலிருந்து ஓய்வு. அப்புறம் லாட்சியோவில் 2016 வரை ஆடினார். பேயர்னில் இளையோர் அணிப் பயிற்சியாளர், ஹான்சி ஃபிளிக்கின் உதவியாளர், பிறகு ஆஸ்திரியாவின் ஆல்டாக், 2024இலிருந்து நூர்ன்பெர்க் என்று பயிற்சியாளராகத் தொடர்ந்தார்.

அவருடைய நேர்மையையும் சொல்லாமல் விட முடியாது. 2005 ஏப்ரலில் பீலஃபெல்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் நடுவர் பிரெமனுக்குப் பெனால்டி கொடுத்தார். க்ளோசே போய், அது ஃபவுல் இல்லை என்று சொல்ல, முடிவு மாற்றப்பட்டது. 2012 செப்டம்பரில் நபோலிக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கார்னரில் பந்து அவர் கையில் பட்டு வலைக்குள் போனது. நடுவர் கோல் கொடுத்துவிட்டார். நபோலி ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். க்ளோசே நடுவரிடம் போய் கையில் பட்டது என்று ஒத்துக்கொண்டார், கோல் ரத்து. எதிரணியினர் வந்து தட்டிக்கொடுத்தார்கள். அந்த ஆட்டத்தில் லாட்சியோ 0-3 தோற்றது. கோலையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவர், அதுவும் வீடியோ உதவி நடுவர் வராத காலத்தில், கையில் கிடைத்த கோலைத் திருப்பிக் கொடுப்பது சின்ன விஷயமில்லை.

சாதனை நிலைக்குமா என்றும் இந்தக் கேள்வியோடு சேர்த்துக் கேட்கிறார்கள். 2022 கத்தார் உலகக் கோப்பை முடிந்தபோது அர்ஜென்டினாவின் மெஸ்ஸி 13 கோல், பிரான்சின் எம்பாப்பே 12. எம்பாப்பே இரண்டே உலகக் கோப்பைகளில் அங்கே வந்துவிட்டவர். எண்ணிக்கையில் ஒருவரை இன்னொருவர் தாண்டுவது இயல்பு. நான் அவரை மதிப்பிட வேறொரு கணக்கை வைத்துக்கொள்கிறேன்: பதின்மூன்று வருடங்களில் க்ளோசே கோல் அடித்த எந்த ஆட்டத்திலும் ஜெர்மனி தோற்கவில்லை. கானாவிடம் 2-2, 2012இல் சுவீடனிடம் 4-4 மாதிரி சமனானது உண்டு; தோல்வி ஒன்றுகூட இல்லை.